பிற்பகல் மூன்று மணிக் கல்யாணம்

"அக்கா, நான் கள்ளியாம்!" வாசலில் சப்பாத்தைக் கழற்றுமுன்னரே றொஷானி சொல்லிவிட்டாள்.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள் அவள். கேட்ட லோரன்சுக்கு இரத்தம் கொதித்தது. றொஷானி அக்கா என்று அழைக்கும் அவன் மனைவி மேர்சியோ, "இருந்து கதை" என்று தேத்தண்ணீரை நீட்டினாள். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்யும் அவளுக்குப் பதறத் தெரியாது.

இல்லத்திலுள்ள ஈடித் அம்மையாருக்குக் கண் தெரியாது. அவரிடம் ஒரு செபப்புத்தகம் இருந்தது. இங்கிலாந்தின் சின்னஞ்சிறு பங்குக் கோயில் ஒன்றில் 1868இல் நடந்த அவருடைய பூட்டியின் திருமணத்தை, அவ்வூர்க் குருவானவர் அதன் முதற்பக்கத்தில் எழுதியிருந்தார். தினமும் றொஷானி அதை வாசித்துக் காட்டுவாள். ஈடித்தின் அண்ணன் மகன் பீற்றர், அதை அட்டை கட்டவென்று கொண்டுபோய் ஒரு மாதத்தின் பின் திருப்பித் தந்தான். றொஷானி வாசிக்கத் தொடங்கியதுமே, "இது என் புத்தகமில்லை" என்றார் ஈடித். றொஷானிதான் மாற்றிவிட்டாள் என்றான் பீற்றர். மேலாளரும் அதை நம்பிவிட்டார். இனி அவள் வேலை நிலைக்காது.

"பக்கத்தைப் படம் எடுத்தனியோ?"

"ஓம் அக்கா."

திரும்பி வந்த புத்தகத்தின் முதற்பக்கம்: பெயர்கள், ஆண்டு, பிறகு 'சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி'. மேர்சி சிரித்தாள். லோரன்சுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் மேலாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். யாரும் அழைக்காமலே லோரன்சும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

மேர்சி டெனிஷ் மொழியில் கேட்டாள். "பீற்றர், உங்கள் கல்யாணம் எத்தனை மணிக்கு?"

"சனிக்கிழமை மூன்று மணிக்கு. எல்லோரும் அப்படித்தானே?"

"இங்கே, இப்போது. அந்தக் கால இங்கிலாந்தில் நண்பகலுக்குப் பின் கோயிலில் கல்யாணம் நடத்தச் சட்டம் விடாது. இது குருவானவர் எழுதியதல்ல."

"அப்படியானால் இவள் எழுதியது!"

"றொஷானி, அசலில் என்ன இருந்தது?"

"காலை ஒன்பதரை. நல்ல மழை. சாட்சி, ஊர்க் கொல்லனும்..."

"அவன் மனைவியும்" என்று முடித்தார் ஈடித்.

"இவளுக்கு அது மனப்பாடம்" என்றாள் மேர்சி. "போலி செய்தால் மணியில் பிழைவிடுவாளா? அசலைக் கைவிட்டபின் நினைவிலிருந்து எழுதியது நீங்கள். பெயர்கள் நினைவிருந்தன. நேரத்துக்கு உங்கள் கல்யாணத்தையே போட்டுவிட்டீர்கள்."

பீற்றர் தலையைக் குனிந்தான். அசலைப் பழம்பொருள் சேர்ப்பவர் ஒருவரிடம் விற்றுவிட்டானாம். லோரன்சுக்குப் பெருமை பிடிபடவில்லை. என் மனைவி என்று கத்தவேண்டும் போலிருந்தது.

"நாளை வேலைக்கு வரலாம்" என்றார் மேலாளர்.

றொஷானி எழும்பவில்லை. "எல்லோருக்கும் முன்னால்தானே என்னைக் கள்ளி என்றீர்கள்?"

மேலாளர் முகம் சிவந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து, உணவறையில் இருந்த ஊழியர் அத்தனை பேரையும் கூப்பிட்டார்.