பின்சீட்டு நாற்றம்

ஷெட்டில் இருந்தவர்கள்: பழைய காரை விலைக்கு வாங்கிய சக்திகுமார், இருங்காட்டுக்கோட்டை அறையில் அவனோடு தங்கும் இசக்கி, ஷெட்டுக்குச் சொந்தக்காரரான மெக்கானிக் டில்லிபாபு. மூவரும் வண்டிக்கு வெளியேதான் நின்றார்கள். ஆனால் பின்கண்ணாடியின் உள்பக்கத்தில், யாரோ மூச்சு விடுவதுபோல், ஆவி படிந்து படிந்து மறைந்தது.

டில்லிபாபு கதவைத் திறந்தார். முகம் கோணியது.

"இன்னாப்பா இது, வித்தவன் பொணத்த கிணத்த ஏத்துனானா? என்னால ஆவாது." டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அழுகிய முட்டையும் ஈரத் தலைமுடியும் புளித்த பாலும் சேர்ந்த நாற்றம். நாக்கின் அடியில் போய்த் தங்கி, காலையில் தின்ற இட்லியிலும் அதே ருசியாக வந்தது. மாலையில் காண்டிராக்டர் வண்டியைப் பார்க்க வருவார். வண்டி நாறினால் கம்பெனி ஆட்களை ஏற்றும் ஓட்டம் வேறொருவனுக்கு. அதை நம்பித்தான் சக்திகுமார் ஃபேக்டரி லைன் வேலையை விட்டிருந்தான்.

சுங்குவார்சத்திரம் பிரவுசிங் சென்டரில், கார்க்காரர்கள் கூடிப் பேசும் இணையத்தளத்தில் கேட்டிருந்தான். முன்பு மெக்கானிக்குகள் கைவிட்ட ஸ்டியரிங் சத்தத்தை அங்கே முகம் தெரியாத ஒருவன்தான் தீர்த்துவைத்தான். இந்த முறை பாதிப்பேர் செத்த எலி என்றார்கள். இரண்டு பேர் தங்களுக்குள் திட்டிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, வேலையை வரிசையாக எழுதியிருந்தான். சக்திகுமார் அதை அச்செடுத்து வந்திருந்தான்.

லைனில் வந்த பழக்கம். ஒரு வேலை முடியாமல் அடுத்த வரியைப் படிக்கக் கூடாது. தாளை மடித்து, வரிவரியாகத் திறந்தான்.

பேட்டரி ஒயரைக் கழற்று. கழற்றினான்.

பின்சீட்டைத் தூக்கு. இடது போல்ட் இருக்காது, சேலைக் கிழிசலால் கட்டியிருக்கும்.

கட்டியிருந்தது. சிவப்புக் கிழிசல். வண்டியின் மாடலையும் நாற்றத்தையும் தவிர சக்திகுமார் அந்தத் தளத்தில் எதையும் எழுதவில்லை.

பஞ்சைக் கிழி. கிழித்தான். பழுப்பு நீர் விரலில் வழிந்தது. முடிக்கற்றை. அதில் சிக்கிய நகங்கள். எல்லாம் வெதுவெதுப்பாக.

"இது எலி இல்லலே," என்றான் இசக்கி.

சக்திகுமார் விரலைச் சட்டையில் துடைத்தான். காண்டிராக்டரை நினைத்துக்கொண்டு அடுத்த மடிப்பைத் திறந்தான்.

ஒல்லியானவன் உள்ளே படுத்து, டிக்கி வரை கையை விடட்டும்.

இசக்கி சிரித்தான். "என்னையத்தான் சொல்லுதான்." மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்தான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சக்திகுமார் சொன்னது, சீக்கிரம் பாரு.

தோள் போயிற்று. இடுப்பு போயிற்று. செருப்பு கழன்று தரையில் விழுந்தது.

உள்ளிருந்து இசக்கியின் குரல். "எலே, நீ எதுக்கு அந்தப் பக்கமா வந்து கையப் பிடிக்க?"

சக்திகுமார் இந்தப் பக்கம் நின்றிருந்தான். இரண்டு கையிலும் தாள்.

கடைசி மடிப்பைத் திறந்தான்.

போதும். கதவை நான் சாத்திக்கொள்கிறேன்.

பின்கதவு மெதுவாக வந்தது. இசக்கியின் வெறுங்கால்களை உள்ளே மடக்கிவிட்டுச் சாத்திக்கொண்டது. பேட்டரி ஒயர் கழற்றிய வண்டியில் நான்கு பூட்டுக் குமிழ்களும், ஒவ்வொன்றாக, கீழே இறங்கின.