சோலார் வேலி கொல்லாது!

"தம்பீ...!"

விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த அலறல் விடுதியையே உலுக்கியது.

வேலிக் கம்பியைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தான் விடுதியின் கைடு. உள்ளங்கைகள் கருகியிருந்தன. பற்களுக்கு நடுவில் நாக்கு... உயிர் எப்போதோ போயிருந்தது.

அலறியவள் அவனுடைய அக்கா. விடுதி முதலாளியின் மனைவி.

முதலாளி கரண்டை நிறுத்திவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டான்.

இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு ஜீப்பை விட்டு இறங்கினார். வாசலில் பச்சைப் பலகை: 'பசுமைச் சுற்றுலா! சோலார் மின்சாரம் மட்டுமே! எறும்புக்கும் தீங்கில்லை!'

பலகைக்குப் பின்னால் காட்டை மொட்டையடித்து நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். எறும்புகளை யார் கேட்டது!

"ஆக்சிடென்ட் சார். காட்டுப்பன்னி வராம இருக்கப் போட்ட வேலி. இருட்டுல தெரியாம கையை வெச்சுட்டான். மச்சினனா சார் அவன்? எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி!"

முதலாளி கண்ணைக் கசக்கினான். கண்ணீர்தான் வரவில்லை.

"வேலிக்கு எங்கேருந்து கரண்ட்?"

"சோலார் சார்! இங்கே எல்லாமே சோலார்தான். வெளிநாட்டு டூர் கம்பெனிக்காரங்க பசுமை சர்ட்டிபிகேட் தர இன்னிக்கு வர்றாங்க. கொஞ்சம் சீக்கிரமா முடிச்சீங்கன்னா..."

"சோலார் வேலி சுளீர்னு அடிக்கும், விரட்டும். ஆளைக் கொல்லாதே? அப்போ உங்க மச்சினனை யாரு கொன்னது?"

முதலாளிக்குக் குப்பென்று வியர்த்தது.

மெயின் லைனிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்தது என்று ஒப்புக்கொண்டால் சர்ட்டிபிகேட் அம்பேல். சோலார் என்றே சாதித்தால் கொலை கேஸ்!

சர்ட்டிபிகேட்டை விட அவனுக்கு மனசே வரவில்லை.

"ஹார்ட் அட்டாக் சார்! பயந்தாங்கொள்ளிப் பய, சின்ன ஷாக்குக்கே போயிட்டான். நம்பலையா? இப்பவே ஸ்விட்சைப் போட்டுட்டு வர்றேன். உங்க கண் முன்னாடி நானே கம்பியைப் பிடிக்கிறேன்!"

"அட... பிடிங்களேன், பார்ப்போம்!"

முதலாளி, வேலியின் ஸ்விட்ச் இருந்த மோட்டார் ரூமுக்குள் நுழைந்தான். பின்னாலேயே மனைவியும் நுழைந்தாள்.

"ஏங்க... காட்டை வெட்டினது, திருட்டு கரண்ட் எல்லாத்தையும் வர்றவங்ககிட்ட சொல்லிடுவேன்னு தம்பி நேத்து உங்ககூட சண்டை போட்டானே... அவனை நீங்களா...?"

பளார்!

அவள் உதடு கிழிந்தது. கழுத்தைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறை... இன்னொருமுறை!

"ஆமாடி! நான்தான் தள்ளினேன்! கம்பியில ஒட்டிக்கிட்டுத் துடிதுடிச்சான். வாயைத் திறந்தே... அடுத்த பொணம் நீதான்!"

ஸ்விட்சைத் தொடாமலேயே வெளியே போனான்.

"போட்டாச்சு சார்!"

இரண்டு கைகளாலும் கம்பியை இறுகப் பிடித்தான். இளித்தான்.

"பார்த்தீங்களா? சும்மா குறுகுறுன்னுதான் இருக்கு. சோலார்னா..."

பேச்சு பாதியில் அறுந்தது.

உடம்பு வளைந்து உதறியது. விரல்களுக்கிடையில் புகை! வாயோரம் ரத்தம்! சதை கருகும் நாற்றம்!

"ஐயோ! யாராவது ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே கான்ஸ்டபிள் மோட்டார் ரூமுக்கு ஓடினான். அவன் ஸ்விட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

அவள் அங்கேயே நின்றிருந்தாள். உதட்டில் ரத்தம். கழுத்தில் ஐந்து விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"நான்தான் சார் போட்டேன். என் தம்பி 'அக்கா, அக்கா'ன்னு கத்தியிருப்பானே... எனக்குக் கேக்கலையே சார்!" குலுங்கிக் குலுங்கி அழுதாள். "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் அவள் கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளிடம் திரும்பினார்.

"எழுதுய்யா. முதலாளி ஹார்ட் அட்டாக்ல காலி."

"சார்! கையெல்லாம் கருகிக் கிடக்கு! அந்தம்மாவே வேற ஒத்துக்கிட்டாங்க..."

"யோவ், சோலார் கரண்ட்ல எவனாவது சாவானா? நம்பிக்கை இல்லேன்னா... வாசல்ல போர்டைப் போய்ப் படிய்யா!"