பளபளத்த போல்ட்

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஐந்து நாளாக எங்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

இடது இண்டிகேட்டரைப் போட்டால் ஹெட்லைட் மங்கும். ஹெட்லைட்டைப் போட்டால், கேட்காமலே இண்டிகேட்டர் மினுக்கும். ஹாரனை அழுத்தினால் ஒரு முனகல்தான் வரும்.

எங்கள் பட்டறையில் அம்மா எலக்ட்ரீஷியன், அப்பா பெயின்டர். எனக்குப் பள்ளி விடுமுறை. அதனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சுவிட்ச் போடும் உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

"போடு!"

போட்டேன்.

"அணை!"

அணைத்தேன்.

எனக்கே அலுத்துவிட்டது. அம்மா பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். அந்தக் கார் தரையோடு தரையாகக் கிடக்கும். குனிந்து குனிந்து அம்மாவின் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். பல வருஷம் ஷெட்டில் தூங்கிய வண்டியைக் கொண்டுவந்து விட்டவர். அன்று காலையில் போன் செய்தார். "சாயந்திரம் அஞ்சு மணிக்கு வரேம்மா. இன்னைக்கும் ஆகலைன்னா பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிடப் போறேன். போதும் போதும்னு ஆயிடுச்சு."

அம்மா போனை வைத்த கையோடு மறுபடி காரிடம் குனிந்தாள். இருபது வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட 'என்னால் முடியாது' என்று அவள் திருப்பி அனுப்பியதில்லை.

"பெயின்ட் எப்படி மின்னுது பாரு!" என்றார் அப்பா. அம்மா வேலையைத் தொடங்குமுன்பே ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, அடியிலும் பெயின்ட் அடித்து, மறுபடி மாட்டியிருந்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"பெயின்ட் மின்னி என்ன பண்றது? லைட் மின்னலையே!" என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

அப்பா பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

மணி மூன்று. அம்மா மறுபடி டெஸ்ட் பல்பை எடுத்தாள். அதன் ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் வயரும் கிளிப்பும் இருக்கும். கிளிப்பைக் காரின் இரும்பு உடம்பில் மாட்டிவிட்டு, ஊசியால் வயரைத் தொட வேண்டும். கரண்ட் இருந்தால் பல்ப் எரியும்.

லைட், ஹாரன் வயர்களைக் காரின் இரும்போடு சேர்க்கும் ஒரு போல்ட் லைட்டுக்குக் கீழே உண்டு. எந்தக் காராக இருந்தாலும் அம்மா அங்கேதான் கிளிப்பை மாட்டுவாள். கை தானாகப் போகும். மாட்டினாள். ஊசியால் தொட்டாள். பல்ப் எரியவில்லை.

"கரண்டே சரியா வரலை" என்றாள். ஐந்து நாளாக இதையேதான் சொல்கிறாள். ஃபியூஸ் மாற்றியாகிவிட்டது, சுவிட்ச் மாற்றியாகிவிட்டது, பாதி வயரும் மாற்றியாகிவிட்டது.

வழவழப்பான போல்ட்டிலிருந்து கிளிப் நழுவி விழுந்தது. "அம்மாடி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், முகம் கழுவப் போனாள். அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி அவள் குனியக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. ஒரு நீள வயரைத் தேடி எடுத்தேன். அதை டெஸ்ட் பல்பின் கிளிப்போடு சேர்த்து, மறுமுனையை மேலே இருக்கும் பேட்டரியின் மைனஸில் மாட்டினேன். லைட் வயரின் முனையையும் மேலே இழுத்து வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தேன்.

அம்மா வந்தாள். நின்றபடியே ஊசியால் தொட்டாள்.

பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"ஏய் வாலு! என்னடி பண்ணி வச்சிருக்க?"

"நீ குனிய வேண்டாமேன்னு... பேட்டரியில மாட்டினேம்மா. தப்பா?"

அம்மா பல்பையே பார்த்தாள். "அப்போ கரண்ட் இத்தனை நாளா சரியாத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கு! திரும்பிப் போகத்தான் வழியில்லை. அந்த போல்ட் வழியாத்தான் அது காரோட இரும்புக்குப் போய், பேட்டரி மைனஸுக்குத் திரும்பணும். இரும்பு இரும்பைத் தொடணும். நடுவுல என்ன இருக்கு?"

சொல்லிக்கொண்டே மெதுவாகத் திரும்பினாள். அப்பா ஏற்கெனவே பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார்.

"அடியில ஒரு கோட்டு பெயின்ட்தான் அடிச்சேன்..." என்றார்.

"ஒண்ணா?"

"மூணு."

போல்ட்டைக் கழற்றினோம். அப்பா உப்புத்தாளை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். "கண்ணு, நீயே தேய். எனக்குக் கை வரலை."

நான் தேய்க்கத் தேய்க்க, தன் தோலையே உரிப்பது போல அவர் முகம் சுளித்தார். "போதும்டா... போதும்டா..."

வெறும் இரும்பு தெரிந்ததும் அம்மா வயர்களை வைத்து போல்ட்டை முடுக்கினாள். "போடு!"

போட்டேன். எதிர்ச் சுவர் வெளுத்தது. ஹாரனை அழுத்தினேன். அப்பா ஓரடி துள்ளினார்.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். லைட்டைப் பார்த்ததும் குழந்தை மாதிரி கை தட்டினார். "என்னம்மா கோளாறு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "கோளாறு நான்தான் சார். ரொம்ப அழகா பெயின்ட் அடிச்சுட்டேன்."

"நானும்தான்" என்றாள் அம்மா. "அஞ்சு நாளா அந்த போல்ட்டைச் சந்தேகப்படவே இல்லை."

"அப்போ யார் கண்டுபிடிச்சது?"

இருவரும் என்னைக் காட்டினார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வாங்க, எல்லாரும் ஒரு ரவுண்டு போகலாம்!" என்றார் டாக்டர்.

"இருக்கறது ரெண்டு சீட்டு, இதுல எல்லாருமா?" என்று அம்மா சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. "இவளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. எனக்கு ஒரு தூக்கம் போட்டா போதும்."

நான் ரவுண்டு போய்விட்டுத் திரும்பியபோது, அம்மா பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் அப்பாவும் சத்தமில்லாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யாரும் அவளை எழுப்பிவிடாதபடி வாசலில் காவலுக்கு உட்கார்ந்தோம்.