குவியலின் அடியிலிருந்து

பன்னிரண்டாவது தட்டிலேயே கூம்பு பளபளக்கத் தொடங்கியது. சோதனை மேசையின் இரும்புப் பலகை ஒரே சீராக எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அதன்மேல் கூம்பு அச்சில் வார்த்து வைத்த தாதுமண், ஈரம் அளவோடு இருந்தால், அந்த அதிர்வில் வெடித்து உதிர வேண்டும். உதிரவில்லை. விளிம்பு மழுங்கி, இடுப்பு தளர்ந்து, ஈர இரும்பு வாசனையோடு மெல்லப் படர்ந்தது. இருபதாவது தட்டில் அது மண்ணே இல்லை. கூழ்.

ஆய்வக அலுவலர் மேசையை நிறுத்தினாள். அடுத்த கப்பலின் சோதனைக்கென்று மண் சாக்கைக் கொண்டுவந்த ஊழியர், எல்லோருக்கும் அவர் 'சுரண்டி', வாசலிலேயே நின்றிருந்தார்.

"இது எங்க எடுத்தது?"

"குவியலோட அடியில. மிச்சம் அதுதான், மத்ததையெல்லாம் போன கப்பல்ல ஏத்தியாச்சே."

"அப்ப போன வாரம் கொடுத்தது?"

"எப்பவும் போல மேல சுரண்டினதுதான். அடி வரைக்கும் தோண்ட நான் என்ன எலியா, மேடம்?"

வழக்கம்தான். மேல் மண் வெயிலில் காய்ந்திருக்கும். பெய்த மழையெல்லாம் உள்ளே நிற்கும். தெரிந்தேதான் போன வாரம் 'ஏற்றலாம்' என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தச் சரக்கோடு கப்பல் கிளம்பி மூன்று நாள். இந்த மேசை தட்டுவதைத்தான் கடலும் செய்யும். கூழான சரக்கு ஒரு பக்கம் சரிந்தால் திரும்பி வராது. கப்பலும் நிமிராது.

அதில் சமையல்காரன் அவளுடைய தம்பி.

கப்பல் சமையலறையின் தொலைபேசி நான்கு முறை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை அவனே எடுத்தான்.

"என்னக்கா அதிசயமா? எனக்குப் பொண்ணு பாத்துட்டியா?"

"கேப்டன்கிட்ட ஓடு. சரக்கு இளகிடும்னு சொல்லு. பக்கத்துல எந்தக் கரை இருக்கோ அங்க திருப்பச் சொல்லு."

"நீ வேற. அலை கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்... இரு அக்கா, பாத்திரம் விழுது."

எஞ்சினின் முனகலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று தரையில் நீளமாக உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. கப்பல் மறுபக்கம் சாயும்போது அது திரும்பி உருள வேண்டும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். திரும்பவில்லை. இன்னொன்று உருண்டது. அதே பக்கம். பிறகு எல்லாம்.

"வெளிய வாடா. இப்பவே."

"வரேன். கதவு..." குரலில் பயம்கூட இல்லை. குழப்பம்தான். "கதவு மேல போயிடுச்சுக்கா."

கனமாக ஏதோ சறுக்கியது. கண்ணாடி ஏதோ வெடித்தது. பிறகு தண்ணீரின் இரைச்சல்.

அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இணைப்பு அறுபடவில்லை. அந்தப் பக்கம் இரும்புச் சுவரில் அவன் நகங்கள் ஏறுவது கேட்டது. வழுக்கின. ஏறின.