கோப்பிக் குமிழிகளும் மீதிப் பாடமும்

கோகிலா செய்தது சின்னக் குறும்புதான். தம்பி ஜெயபாலன் பயந்தால் அவன் கண்கள் உருண்டையாக விரியும். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும்.

"வானத்துல நட்சத்திரக் கூட்டமெல்லாம் ஒண்ணைவிட்டு ஒண்ணு ஓடுதாம். வாத்தியார் சொன்னாரு," என்றாள்.

"எங்க ஓடுது?"

"தூரமா. திரும்பியே வராது."

மறுநாள் காலை அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக, அப்பா ஓடிப்போய் பேச்சா என்ற மூன்று சக்கர மிதிவண்டியை அழைத்து வந்தார். காஜா பெராங் தெருவெங்கும் சுதந்திர நாளுக்காகக் கட்டிய காகிதக் கொடிகள் ஆடின. ஜெயபாலன் வாசலில் இருந்த கொடிக் கயிற்றை அவிழ்த்து, அம்மாவின் கையை ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டான். மொத்தம் ஆறு முடிச்சு.

"தூரமாப் போனா அம்மா வரமாட்டாங்க," என்று தேம்பினான்.

அப்பா கத்தியை எடுத்தார்.

"வெட்டாதீங்க," என்றார் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "பிள்ளை நடுங்குறான். இப்படி விட்டுட்டு எப்படிப் போவேன்?"

கோகிலா தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எல்லாம் அவளால் வந்த வினை.

"தம்பி, நான் பாதிப் பாடத்தைத்தான் சொன்னேன். மீதியைக் கேளு."

அப்பா குடிக்காமல் வைத்த கோப்பியை எடுத்துக் கலக்கினாள். குமிழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின.

"ஆதியில நட்சத்திரமே இல்ல. ஒரே இருட்டு, அதுல புகை மாதிரி வாயு. அது ஒண்ணையொண்ணு இழுத்துச் சேர்ந்துதான் நட்சத்திரம் ஆச்சு. சின்னக் கூட்டங்க சேர்ந்து பெரிய கூட்டம் ஆச்சு. ரொம்ப தூரத்துல இருக்கிறதுதான் விலகிப் போகுது. பக்கத்துல இருக்கிறது ஒண்ணையொண்ணு விடாது. இந்தக் குமிழியைப் பாரு."

இரண்டு குமிழிகள் மெல்ல நகர்ந்து ஒட்டிக்கொண்டன. மூன்றாவதும் வந்தது.

"நாம பக்கத்துல இருக்கிறவங்களா?"

"நாலு பேரும் ஒரே பாயில படுக்கிறோம். இதைவிடப் பக்கம் ஏது?"

ஜெயபாலன் ஆறு முடிச்சையும் தானே அவிழ்த்தான்.

அம்மாவை ஏற்றிக்கொண்ட வண்டி தெருமுனையில் மறைந்தது. அப்போது கோப்பியில் ஒரு குமிழி உடைந்தது. தம்பி பார்ப்பதற்குள் கோகிலா கோப்பையைக் கையால் மூடினாள். அம்மாக்களைப் பற்றி வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லையே.

மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் அம்மா தங்கச்சிப் பாப்பாவோடு வந்து இறங்கினார். ஜெயபாலன் ஓடிப்போய்ப் பாயை விரித்தான்.

"இனிமே அஞ்சு பேரு. எல்லாரும் கொஞ்சம் நெருங்கிப் படுங்க."

கோகிலா சமையலறைக்குப் போனாள். தட்டு போட்டு மூடி ஒளித்து வைத்திருந்த அந்தக் கோப்பையை அன்றைக்குத்தான் கழுவினாள்.