எண்ணூறு பேருக்கு ஒரு நாடி

அருள்விழி வெளியே வந்ததும் அரங்கத்தின் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கதவுக்கு மேலிருந்த பலகையில் ‘உள்ளே: 0’ என்று ஒளிர்ந்தது.

பலகை பழுது என்றுதான் முதலில் நினைத்தாள். கோவையின் அந்தப் பெரிய அரங்கத்துக்கு அவள்தான் மேலாளர். உள்ளே எண்ணூறு பேர் இருப்பது அவளுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் அவள் கணவன் சிவநேசனும் இருந்தான். கைப்பேசி அதிர்ந்ததால் பேசிவிட்டு வரலாம் என்று வந்தவள் அவள்.

உள்ளே ஜிம்பாப்வேயிலிருந்து வந்த நியாஷா முகோனி எம்பிரா வாசித்துக்கொண்டிருந்தாள். மரப்பலகையில் வரிசையாகப் பதித்த இரும்பு நாக்குகளைக் கட்டை விரல்களால் மீட்டும் வாத்தியம் அது. பெரிய சுரைக்குடுவைக்குள் அதை வைத்து மீட்டுவாள். குடுவையின் விளிம்பில் கட்டிய சிப்பிகள் கூடவே அதிர்ந்து ரீங்காரமிடும். கொஞ்ச நேரம் வாசித்தபின் கூட்டத்தையும் தன்னோடு முனகச் சொன்னாள். அவள் மூச்சை இழுக்கும்போது இழுத்து, விடும்போது விட்டு, எண்ணூறு பேரும் முனகினார்கள். பின்வரிசையில் நின்ற அருள்விழியும் முனகினாள். வெளியே வந்த பிறகும் அவள் நெஞ்சுக்குள் அதே தாளம் அடித்துக்கொண்டிருந்தது.

அதை உணர்ந்த அந்த நொடியில்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. 

ஒவ்வொருவர் இதயமும் ஒவ்வொரு விதமாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைப் படித்துத்தான் ஊரிலுள்ள நாடிக்கதவுகள் எல்லாம் ஆளை அடையாளம் கண்டன. சாவியும் அட்டையும் ஒழிந்து பல வருஷம் ஆகிவிட்டது. முகம் இனி எதற்கு என்று கேமராக்களையும் கழற்றிவிட்டார்கள். இப்போது எண்ணூறு பேரின் மூச்சு ஒன்றாகி, துடிப்பும் ஒன்றாகிவிட்டது. கதவின் கணக்கில் உள்ளே இருந்தது ஒரே ஆள். அந்த ஆளும் இப்போது வெளியே வந்துவிட்டாள்.

காலியான அரங்கத்தில் விளக்கு அணையும், காற்று நிற்கும். பிறகு தூய்மைப் புகை வரும். காய்ச்சல் காலத்துக்குப் பின் வந்த சட்டம் அது. கிருமியைக் கொல்லும் அந்தப் புகை மனிதரையும் விட்டுவைக்காது. பலகையில் ‘புகைக்கு 9 நிமிடம்’ என்று வந்தது.

கதவை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. நாடி மையத்தைக் கூப்பிட்டாள்.

“உள்ளே ஆள் இருக்காங்க. கதவைத் திறங்க!”

“யாருமில்லைன்னு காட்டுதே மேடம்,” என்றான் பணியிலிருந்த அதிகாரி.

“நான் சொல்றேன்ல, எண்ணூறு பேர்!”

“எண்ணூறு பேர் இருந்தா எண்ணூறு நாடி காட்டும்ங்க. ஒருத்தர் இருந்தாங்க, அவங்களும் போயிட்டாங்க. ஆள் அனுப்பறேன். அரை மணி நேரத்துல வந்துருவாங்க.”

உள்ளே விளக்குகள் அணைந்தன. கூட்டம் அதையும் நிகழ்ச்சியின் அங்கம் என்று எண்ணிக் கைதட்டியது. அந்தச் சத்தம் கதவு வழியாகக் கேட்டபோது அவளுக்கு அழுகை முட்டியது.

தீ விபத்துக்கென்று தனி பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி ஒன்று சுவரில் இருந்தது. அதன் மூடியை உடைத்து ஒலிவாங்கியை எடுத்தாள்.

“மேலாளர் பேசறேன். தயவுசெஞ்சு எல்லாரும் பாடறதை நிறுத்துங்க.”

முனகல் நின்றது. பலகை மாறவில்லை. அடங்கி உட்கார்ந்திருந்த கூட்டத்தின் இதயங்கள் பழகிய தாளத்தை விடாமல் ஒன்றாகவே அடித்தன. ‘6 நிமிடம்.’

அவற்றைப் பிரிக்க ஒரே வழிதான் இருந்தது. பயந்தால் ஒவ்வொரு இதயமும் தன் போக்கில் ஓடும். ஆனால் சிவநேசனின் இதயம் ஏற்கெனவே ஒருமுறை நின்று திரும்பியது. திடீர் அதிர்ச்சி எதுவும் கூடாது என்று மருத்துவர் அவளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார்.

ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள். நிமிடக் கணக்கு ஐந்தாயிற்று.

“கதவு பூட்டிக்கிச்சு!” என்று அலறினாள். “விஷப்புகை வரப்போகுது! எந்திரிங்க, ஓடி வாங்க! செத்துப்போயிருவீங்க!”

உள்ளே நாற்காலிகள் உருளும் சத்தம் கேட்டது. யாரோ வீறிட்டார்கள். பலகையில் உள்ளே இருப்போர் எண்ணிக்கை மூன்றாகி, நாற்பதாகி, இருநூறு, அறுநூறு என்று ஏறியது. புகைக்கான கணக்கு நின்றது. கதவு திறந்துகொண்டது.

கூட்டம் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. சுவரோடு ஒட்டி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி ஆள் வந்த பிறகும் சிவநேசன் வரவில்லை. பலகையில் ‘உள்ளே: 1’ என்றிருந்தது. அவள் உள்ளே ஓடினாள்.

சிவநேசன் அதே இருக்கையில் கண்மூடி உட்கார்ந்திருந்தான். ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. அவனுக்கு எதிரே தரையில் அமர்ந்து நியாஷா மெதுவாக மீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் இருந்தும் கதவு ஒருவரைத்தான் கண்டிருந்தது.

“என்னங்க!”

அவன் கண் திறந்தான். “உன் குரலைக் கேட்டதும் உசுரே போயிருச்சு. எந்திரிக்கப் பார்த்தேன், இவங்க விடலை.”

நியாஷா தன் மொழியில் ஏதோ சொன்னாள். அவள் கழுத்திலிருந்த மொழிமாற்றி அதைத் தமிழாக்கியது. “நெஞ்சைப் பிடித்தார். ஓடினால் விழுந்திருப்பார். அவரோடு பயப்படாமல் இருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.”

பேசும்போதும் அவள் விரல்கள் மீட்டுவதை நிறுத்தவில்லை. 

நெரிசலில் பதினோரு பேருக்கு எலும்பு முறிந்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஊர் முழுக்க நாடிக்கதவுகளை மாற்றுவது ஆகாத காரியம் என்று சொல்லி, மனிதர்கள் பக்கம் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். இனி எந்த அரங்கத்திலும் கால் மணிக்கு ஒருமுறை கூட்டத்தைப் பயமுறுத்த வேண்டும். எந்தச் சத்தம் சரிப்படும் என்று பலவற்றைச் சோதித்தார்கள். அன்றைக்கு ஒலிபெருக்கியில் பதிவாகியிருந்த அருள்விழியின் அலறலுக்கு ஈடாக எதுவும் நிற்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து அவளும் சிவநேசனும் வேறொரு அரங்கத்துக்கு வீணை கேட்கப் போனார்கள். ராகம் விரியத் தொடங்கியபோது கூரையிலிருந்து அவள் குரல் அலறியது. கூட்டம் துள்ளி விழுந்தது. ஒரு குழந்தை அழுதது. சிவநேசன் அவள் பக்கம் சாய்ந்து, “வீட்டுல கேக்காததா?” என்றான். இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அவள் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது.

நிகழ்ச்சி முடிந்து, எல்லாரும் போன பிறகு கைகோத்தபடி வந்தார்கள். அவன் முதலில் வெளியேறினான். உள்ளே இனி யாருமில்லை என்று அவள் முகத்துக்கு நேரே கதவு மூடிக்கொண்டது. விளக்குகள் அணைந்தன. தலைக்கு மேல் காற்று நின்றது.

அப்போது அவளுக்குப் பயம் வந்தது.

“மன்னிக்கவும், அருள்விழி அவர்களே,” என்று சொல்லிக் கதவு திறந்து வழிவிட்டது.