வெள்ளாங்காட்டில் பாதிப்பு இல்லை

காலை ஆறு மணிக்கு வெள்ளாங்காட்டின் ஏழு கிணறுகளிலும் நீர்மட்டம் அளப்பது ஜெசிந்தாவின் வேலை. உணரிக் கம்பியை உள்ளே இறக்குவாள். தண்ணீரைத் தொட்டதும் சென்சார் கூவும். ஆழத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கிணற்றுக்குப் போவாள். ஊருக்கு மேற்கே ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டத் திட்டம் இருந்தது. கட்டினால் இங்கே நிலத்தடி நீர் என்னவாகும் என்று சொல்லத்தான் நிலநீர் ஆணையம் அவளை அனுப்பியிருந்தது.

மூன்று மாதத்தில் விடை தெரிந்துவிட்டது. இங்குள்ள ஊற்றெல்லாம் ஆற்று மணல் வழியே வருவது. அணை எழுந்தால் பதினான்கு ஆண்டுகளில் கடைசிக் கிணறும் வற்றும்.

ஆனால் ஆணையத்தின் படிவத்துக்கு அது போதாது. ஒவ்வொருவர் தோளிலும் பதித்த ஆயுள்மானி, அவர் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்பதை ஆணையத்துக்கு மட்டும் சொல்லும். கிணறு வற்றும் நாளில் ஊரில் ஒருவராவது உயிரோடு இருந்தால் ‘பாதிப்பு உண்டு’, அணை வராது. இல்லாவிட்டால் ‘பாதிப்பு இல்லை’. இந்த விதி ஊருக்கே தெரியும். எண்கள்தான் தெரியாது.

வெள்ளாங்காட்டில் நாற்பத்தொரு பேர். உவர்நீர் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள். பிறந்த ஊர்க் கிணற்றில் மட்டுமே நீருரிமை என்பதால் எங்கும் போக முடியாதவர்கள். அவர்களில் மிகப் பெரிய எண் பதினொன்று.

அறிக்கை அனுப்ப இரண்டு நாள் இருக்கையில் பேச்சிக்கனி வந்தாள். நிறைமாதம். கணவன் இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

“மேடம், வயித்துல இருக்கறத கணக்குல சேப்பாங்களா?”

“பிறந்து மானி பதிச்சாத்தான் சேரும், கனி.”

“இன்னும் பன்னெண்டு நாள்னு சொல்லிருக்காவ. அதுவரைக்கும் பொறுப்பீங்களா? என்னய விடுங்க, என் கத எனக்குத் தெரியும். பிள்ளைன்னு ஒண்ணு வந்தா கிணத்த விட அதிகநாள் இருக்கும்லா?”

இரண்டு சென்சார் பழுது, மறுபடி அளக்க வேண்டும் என்று ஜெசிந்தா ஆணையத்துக்கு எழுதினாள். வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது.

பெண் குழந்தை பிறந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. “நம்ம ஊரக் காப்பாத்த வந்தவ” என்று கிழவர்கள் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினார்கள். செவிலி வந்து மானி பதித்தாள்.

மறுநாள் ஜெசிந்தா கோப்பைத் திறந்தாள். நாற்பத்திரண்டாவது வரிசையில் எண் வந்திருந்தது. தாய் குடித்த தண்ணீர் பிள்ளையின் சிறுநீரகத்தையும் விட்டுவைக்கவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். எண் மாறவில்லை. படிவத்தின் கடைசி வரியை இயந்திரமே நிரப்பி முடித்திருந்தது.

கனியின் வீட்டுக்குப் போனாள். கனி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அனுப்பிட்டீங்களா மேடம்?”

“போயிடுச்சு.”

“பாதிப்பு உண்டுன்னுதான?”

கனி ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

“எத்தன?”

சொல்வது குற்றம். வேலை போகும், சிறையும் உண்டு. ஜெசிந்தா அவள் அருகே தரையில் உட்கார்ந்தாள்.

“ஆறு.”

கனி அழவில்லை. குழந்தையின் வாயோரம் வழிந்த பாலை விரலால் துடைத்தாள்.

“அப்ப ஒண்ணாங்கிளாஸ் போயிருவா” என்றாள்.